மாத்திரையை நிறுத்திய பின்

நாட்பட்ட மைலாய்டு லுகேமியாவுக்கு இமாட்டினிப் எழுதிக்கொடுப்பது எளிது. நிறுத்தச் சொல்லத்தான் துணிச்சல் வேண்டும். பிலடெல்பியா குரோமோசோம் உண்டாக்கும் புரதத்தை அந்த மாத்திரை முடக்கும். மஜ்ஜையில் உறங்கும் நோயின் மூல அணுக்களை முழுதாக அழிக்காது. அதனால் ஆயுளுக்கும் சாப்பிட வேண்டும் என்றே சொல்லிவந்தோம்.

2010-இல் பிரான்ஸின் 'ஸ்டிம்' ஆய்வு வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளாவது பி.சி.ஆர். சோதனையில் நோய் தென்படாத 100 பேருக்கு மாத்திரையை நிறுத்திப் பார்த்திருந்தார்கள். பத்தில் ஆறு பேருக்கு நோய் திரும்பியது, பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள். என் கவனம் மீதி நான்கு பேர் மேல் போனது. அப்படி நலமாக இருப்பவர்கள் பலரிடம், இன்னும் நுட்பமான டி.என்.ஏ. சோதனை செய்தால் நோயின் சுவடு தெரிகிறது. அழியவில்லை, அடங்கிக் கிடக்கிறது. அடக்குவது யார்?

பாதி விடை பழைய மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையிலேயே இருந்தது. கொடையாளி ஒத்த இரட்டையராக இருந்தால் நோய் அதிகம் திரும்பியது. பக்கவிளைவுக்குப் பயந்து, எதிர்ப்பு அணுக்களான டி அணுக்களை நீக்கிவிட்டுக் கொடுத்தாலும் அதே கதைதான். 1990-இல் மியூனிக்கின் கோல்ப் குழுவினர், மாற்றுக்குப் பின் நோய் திரும்பிய மூவருக்கு இன்டர்ஃபெரானோடு கொடையாளியின் வெள்ளையணுக்களை ஏற்றியதை எழுதினார்கள். மூவரிடமும் பிலடெல்பியா குரோமோசோம் மறைந்தது. எதிர்ப்பு அணுக்களால் இந்த நோயை வெல்ல முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சியத்தை நான் படித்ததில்லை.

மாத்திரையை நிறுத்தியவர்களின் கதையில் முன்னால் நிற்பவை என்.கே. எனப்படும் இயற்கைக் கொல்லி எதிர்ப்பு அணுக்கள். நிறுத்தும் நேரத்தில் அவை கூடுதலாக இருந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு என்று ஐரோப்பிய ஆய்வுகள் காட்டின. இதை எங்கோ படித்துவிட்டு, "நிலவேம்பு குடிச்சா அந்த அணு கூடுமா டாக்டர்?" என்று கேட்பவர்கள் உண்டு. கூடும் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அந்த எண்ணிக்கையை வைத்து எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கதியைச் சொல்லவும் முடியாது. நோய் திரும்பியவர்களின் எண்களும் திரும்பாதவர்களின் எண்களும் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன.

ஆகவே பி.சி.ஆர். தாளைத்தான் நம்புகிறேன். முதல் ஆறு மாதம் மாதாமாதம் ரத்தம் எடுக்கிறோம். இடையில் மூட்டும் தசையும் வலித்தால் நோய் வந்துவிட்டதென்று பலர் பதறுவார்கள். பெரும்பாலும் அது மாத்திரையை விட்டதால் வரும் வலி, தானே தணியும். பி.சி.ஆர். காட்டும் நோயின் அளவு 0.1 சதவீதத்தைத் தாண்டினால் அன்றே மாத்திரை. அநேகமாக எல்லோருக்கும் நோய் மறுபடி கட்டுக்குள் வந்துவிடுகிறது. நிறுத்தும் துணிச்சல் எனக்கு வந்ததே அதனால்தான்.