அதே தாளம், வேற ஆள்

"இதையேதான் ஸார் இன்னும் நாலு பேர் எழுதி அனுப்பியிருக்காங்க!"

தீபாவளி மலருக்கு நான் அனுப்பிய கட்டுரையைப் பற்றி ஓர் உதவி ஆசிரியர் போனில் சொன்னது. கல்லாகிப் போன அதிரசம், மாப்பிள்ளையின் வேட்டியில் பொத்தல், வெடிக்காத வெடி எல்லாம் என் கட்டுரையில் இருந்தன. அந்த நாலு பேரிடமும் இருந்தனவாம்.

கடுப்பில் உட்கார்ந்திருந்தேன். அக்கா பையன் மொபைலில் பாட்டு போட்டான். முடிந்தது. அடுத்ததிலும் அதே கைதட்டல், அதே தாளம். மூன்றாவதும் அதே.

"டேய், போட்டதையே போடறியா?"

"இல்ல மாமா. பாட்டு வேற, ஆள் வேற. மியூசிக் மட்டும் ஒண்ணு. பேரு என்ன தெரியுமா? திவாலி!"

பி.காம். காதில் 'திவால்' என்றுதான் விழுந்தது. பையன் பண்டிகையைத்தான் சொன்னான். நிஜமாகவே அதுதான் பெயர்.

ஜமைக்காவின் டான்ஸ்ஹால் சங்கீதத்தில் பாட்டுக்கு முன்னாலேயே பின்னணி தயாராகிவிடுகிறது. டிரம்ஸ், பேஸ் எல்லாம் சேர்ந்த அதற்கு 'ரிடிம்' என்று பெயர். அதன்மேல் ஒருவர் பின் ஒருவராகப் பாடிவிட்டுப் போவார்கள். ஒரு அடக்கச் செலவு, பத்துப் பாட்டு! 1985-ல் கிங் ஜாமி கொண்டுவந்த 'ஸ்லெங் டெங்' இன்னும் சிக்கனம். கேஸியோ கீபோர்டில் கம்பெனிக்காரனே போட்டுக் கொடுத்திருந்த தாளம் அது. அதில் நூற்றுக்கணக்கில் பாட்டுகள் வந்தன.

'திவாலி' ரிடிமைச் செய்தவர் ஸ்டீவன் 'லெங்கி' மார்ஸ்டன். அதில் ஷான் பால் ஆட்டம் போடக் கூப்பிட்ட 'கெட் பிஸி' 2003-ல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. வேய்ன் வொண்டர் அதே கைதட்டலில் காதலில் உருகினார். நியூயார்க் பெண் லுமிடியும் அதிலேயே பாடி, அதே வருஷம் மூன்றாம் இடம் வரை போனார். டான்ஸ்ஹாலில் ஒரே ரிடிம் பாட்டுகளை வரிசையாகப் போடுவது வழக்கம். கூட்டம் எழுந்து போகாது. இவன் என்ன சொல்றான் பார்ப்போம் என்று நிற்கும். (உதவி ஆசிரியர்கள் யாரும் அங்கே போவதில்லை போலிருக்கிறது.)

கடைசியாகப் பையன் போட்டது பவுண்டி கில்லரின் 'சஃபரர்'. கஷ்டப்படுகிறவன் என்று அர்த்தம். பண்டிகைப் பெயர் வைத்த தாளத்தில் கஷ்டப் பாட்டு! அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

ஒரு வருஷம் அப்பாவுக்கு போனஸ் வரவில்லை. அம்மா தன் பழைய புடவையை வெட்டி அக்காவுக்குப் பாவாடை தைத்து, ஓரத்தில் மஞ்சள் தடவி, "புதுசுடி" என்று நீட்டினாள். அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் கட்டிக்கொண்டு தெருவில் போய் மத்தாப்பு கொளுத்தினாள். என் கட்டுரையில் அதிரசம் இருந்தது. இது இல்லை.

உதவி ஆசிரியருக்கு போன் செய்தேன். "ஸார், நாளைக்கு வேற தரேன்."

"என்ன சப்ஜெக்ட்?"

"தீபாவளிதான்."

எதிர்முனையில் பெருமூச்சு. "சரி, அனுப்புங்க."

எழுதலாமா என்று அக்காவைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எழுதிக்கோ. கலரை மட்டும் மாத்திடாதே. அது மெரூன்."