ஆயத்தமுள்ள வீடு

"வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ள நேரமே இல்லை, பாஸ்டர்" என்று பெங்களூரிலும் ஓசூரிலும் சென்னையிலும் குடியேறியுள்ள எங்கள் ஊர்க் குடும்பத்தார் அடிக்கடி என்னிடம் சொல்லுகிறார்கள். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி, அதன்பின் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, மீதியிருப்பது களைப்பு. அவர்கள் சொல்லுவது பொய்யன்று. ஆயினும் நேரமும் இடமும் தாராளமாயுள்ள வீட்டில்தான் ஒழுங்கு இருக்கமுடியும் என்று எண்ணுவது சரியன்று. நான் கண்ட வீடுகளுள் மிகவும் ஒழுங்கானவை, நேரமும் இடமும் தண்ணீரும் ஒருங்கே குறைவாயிருந்த மைசூர் மைன்ஸ் லைன் வீடுகளே. இம்மாதம் அவ்வீடுகளைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.

கோலார் தங்கவயலை அறியாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். 1880-ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத்தொழிலை ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கத்தின் பெயரே குடியிருப்பின் பெயராயிற்று. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம்மவர் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். 1894-இல் பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை ரயில் வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரியின் நீர்மின்சாரம் சுரங்கங்களுக்கு வந்தது. பூமிக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் எங்கள் பெரியவர்கள் வேலை செய்தார்கள். 2018-இல் வெளிவந்த திரைப்படத்தின் மூலம் எங்கள் ஊரின் பெயர் உலகமெங்கும் பரவிற்று. அப்படத்தில் எங்கள் அடுக்களைகள் இல்லை. நான் சொல்லப்போவது அந்த அடுக்களைகளைப் பற்றியே.

எங்கள் லைன் வீட்டில் ஓர் அறையும் ஓர் அடுக்களையும் இருந்தன, எழுவர் வாழ்ந்தோம். சுரங்கத்தில் மூன்று ஷிப்டுகள். தகப்பனாருக்கு முறை மாறிக்கொண்டேயிருக்கும். அவர் ஒரு வாரம் விடியுமுன் புறப்படுவார். ஒரு வாரம் நடுஇரவில் திரும்புவார். ஒரு வாரம் பகலெல்லாம் உறங்குவார். கடிகாரம் இல்லாத வீடு உண்டு. சங்கொலி கேளாத வீடு இல்லை. சங்கு ஊதும்போது அடுப்பில் என்ன இருக்கவேண்டும், தூக்குப் பாத்திரத்தில் என்ன இருக்கவேண்டும் என்பது தாய்மார்களுக்குத் தெரிந்திருந்தது. ஷிப்டுக்குப் பிந்திவருகிறவருக்கு அன்றைய கூலி நிச்சயமன்று என்பதால், களி கிண்டுவதிலே கால்மணி தாமதம் என்பது எங்கள் வீட்டில் சிறு காரியமன்று.

தண்ணீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வரும். குழாயடியில் வரிசை. என் தாயார் குடிக்கும் தண்ணீருக்குச் செப்புக்குடம், சமையலுக்கு அலுமினிய அண்டா, கழுவுவதற்கு வாசலோர டிரம் என்று பிரித்து வைத்திருப்பார்கள். எந்தப் பாத்திரம் நிரம்பியிருக்கிறது என்று பார்த்தாலே அன்றைக்குத் துணி துவைக்கலாமா கூடாதா என்பது விளங்கிவிடும். யாரும் எழுதிவைத்த கணக்கில்லை, பாத்திரமே கணக்கு.

அடுத்தது தூசி. பாறையை அரைத்துப் பொன்னை எடுத்தபின் எஞ்சிய கழிவுமண் மலைமலையாய்க் குவிக்கப்பட்டது. சைனைடு மேடு என்று நாங்கள் அழைக்கும் அந்த மேடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன. காற்றுக் காலத்தில் அம்மண் கதவிடுக்கு வழியாக வந்து சோற்றிலும் படுக்கையிலும் படியும். ஆகவே கழுவிய பாத்திரம் எதுவும் எங்கள் வீட்டில் நிமிர்ந்திராது, எல்லாம் கவிழ்ந்தேயிருக்கும். மாவுக்கு மூடி, மூடியின்மேல் துணி. அழகுக்காக அல்ல; அது சாப்பிடுகிறவரின் வயிற்றைக் காக்கும் காரியம்.

மூன்றாவது காரியத்தை நகரவாசிகள் நம்பமாட்டார்கள். ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும்போது மேலே வீடுகள் அதிரும். ராக் பர்ஸ்ட் என்று அதற்குப் பெயர். பரண்மேல் இருப்பவை உருண்டு விழும். ஆகையால் கனமான அண்டாவும் அம்மிக்கல்லும் தரையிலேயே இருக்கும். பரணில் கூடையும் முறமும் பழந்துணியுமே. குழந்தையின் தூளிக்கு நேர்மேலே எதையும் வைக்கக்கூடாது என்பது எங்கள் லைனில் எழுதப்படாத சட்டம். அதிர்ச்சி உணர்ந்த மறுகணமே தாய்மார்கள் வாசலுக்கு வந்து, இந்த ஷிப்டில் யார் வீட்டு ஆண்பிள்ளை கீழே இருக்கிறார் என்று கேட்பார்கள். அக்கேள்விக்கு ஒவ்வொரு வீட்டிலும் உடனே விடை இருந்தது.

இதைச் சொல்லும்போது விளக்கறையின் ஞாபகம் வருகிறது. சுரங்கத்திற்குள் இறங்குகிறவர் தம் எண் பொறித்த வில்லையைக் கொடுத்துத் தலைவிளக்கைப் பெறுவார். மேலே வந்தபின் விளக்கைக் கொடுத்து வில்லையைப் பெறுவார். உலகின் பல சுரங்கங்களில் வழங்கிய முறை இது. ஷிப்டு முடிந்தபின் ஒரு விளக்கின் இடம் வெறுமையாயிருந்தால், ஒரு மனிதர் இன்னும் கீழே இருக்கிறார் என்பது பொருள். பேரேட்டைப் புரட்டவேண்டியதில்லை, வெறுமையான இடமே அதைச் சொல்லிவிடும்.

அன்பானவர்களே, ஒழுங்கு என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கத்தை வேதாகமக் கல்லூரியிலும் நான் கற்கவில்லை. எல்லாப் பொருளும் பளிச்சென்று இருப்பது ஒழுங்கன்று. இல்லாதது எது என்று உடனே தெரிவதே ஒழுங்கு. என் தாயார் விளக்கறையைக் கண்டதில்லை. தகப்பனார் சொல்லக் கேட்டதோடு சரி. ஆனால் எங்கள் சுவரில் வரிசையாய் ஆறு ஆணிகள் இருந்தன. சாவி, ரேஷன் கார்டுப் பை, டார்ச் விளக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டு, கத்தரிக்கோல், குடை. ஓர் ஆணி காலியாயிருந்தால் மாலைக்குள் விசாரணை நடக்கும். ஐந்து வயதுப் பிள்ளையும் இருட்டில் கைநீட்டி டார்ச்சை எடுக்கலாம். எடுத்து வைக்கிறவர் வீட்டில் இல்லாதபோதும் மற்றவருக்கு அகப்படவேண்டும் என்பதே அவர்களுடைய கொள்கை. இன்று நகரத்து வீடுகளில் நூறு பிளாஸ்டிக் டப்பாக்களைக் காண்கிறேன். எந்த டப்பாவில் எது உள்ளதென்று அவ்வீட்டு அம்மாள் ஒருவருக்கே தெரியும். அந்த அம்மாள் காய்ச்சலாய்ப் படுத்துவிட்டால், உப்பைத் தேடுவதற்கும் அவர்களையே எழுப்பவேண்டியுள்ளது. இதை ஒழுங்கு என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஒருமுகப்பட்டுக் காரியம் செய்வதைப் பற்றியும் அநேகர் கேட்கிறார்கள். பிள்ளைகள் படிக்க அமர்ந்தால் மனம் நிற்பதில்லையாம், பெரியவர்களுக்கோ கைப்பேசி. தகப்பனார் இரவு ஷிப்டு முடிந்து பகலில் உறங்கும் வாரத்தில், எங்கள் ஒற்றை அறையில் சத்தம் கூடாது. ஆகவே அந்த வாரத்தில் பாடம் படிப்பது வாசல் திண்ணையில். எழுதுவது பக்கத்து வீட்டில், அவ்வீட்டார் பகல் ஷிப்டில் இருந்தால். அவர்கள் பிள்ளைகள் அடுத்த வாரம் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். இடம் இல்லாததால் நேரத்தைப் பங்கிட்டோம். இந்த ஒரு மணி நேரம் இந்த இடம் இந்தக் காரியத்திற்கு மாத்திரம் என்று தீர்மானித்துவிட்டால், மனமும் மெல்ல இணங்குகிறது. தனி அறையும் மேசையும் உள்ள பிள்ளைகளிடத்தில் இந்தத் தீர்மானம் இல்லாததையே நான் காண்கிறேன். அதே மேசையில் சாப்பாடு, அதே மேசையில் படம் பார்த்தல், அதே மேசையில் கணக்கு. பிறகு மனம் நிற்கவில்லை என்று ஜெபிக்கக் கேட்கிறார்கள். ஜெபிக்கிறேன், மேசையையும் பார்க்கச் சொல்லுகிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த ஒழுங்கெல்லாம் பெண்களின் தோள்மேல் ஏற்றப்பட்டிருந்தது. விடியற்காலை குழாயடிக்குப் போனவர்களும் அவர்களே. நடுஇரவில் கதவு திறந்து சோறு சூடாக்கியவர்களும் அவர்களே. அண்ணன்மாரும் நானும் பந்து விளையாடிய நேரத்தில் அக்காமார் குடம் சுமந்தார்கள். எங்கள் லைன் வீடுகளைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசாவிட்டால், அந்தப் புகழ்ச்சி முழு உண்மையாகாது. இன்று மனைவியும் ஷிப்டுக்குப் போகிற வீட்டில், பழைய முறையை அவள் ஒருத்தியிடமே எதிர்பார்க்கும் கணவனுக்கு என்னிடத்தில் ஆதரவு கிடையாது.

பின்பு சங்கு நின்றுபோயிற்று. 1972-இல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்று பெயர்பெற்ற அரசு நிறுவனத்தின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி இறுதியோடு மூடப்பட்டன. நூற்றாண்டுக்கும் மேலாக நடந்த தொழில் அத்துடன் ஓய்ந்தது. அந்த மாதங்களில் நான் ஊழியத்தில் இளைஞன். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவன் என்பதால் அநேகர் வந்தார்கள். ஒவ்வொருவருடைய தாள்களையும் விரித்துப் பார்க்கும்போதுதான் சிக்கல் தெரிந்தது. ஒரே மனிதர் ஒரு தாளில் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு இருப்பார். மற்றொன்றில் அவ்வெழுத்து இராது. மூன்றாவதில் ஞானஸ்நானம் பெற்றபின் இட்ட பெயரால் இருப்பார். பிறந்த ஆண்டு வேலைப் பதிவில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று. வரவேண்டிய பணம் அவருடையதுதான். அவர்தாம் அவர் என்று நிரூபிப்பதற்கு மாதக்கணக்கில் நடந்தார். அலைச்சலிலேயே உடல் தளர்ந்தவர்கள் உண்டு. நுரையீரலில் கல்தூசி படிந்த மனிதருக்குப் படியேறுவதே ஒரு ஷிப்டு வேலை.

அக்காலத்தில் எங்கள் லைனைச் சேர்ந்த ஒரு விதவைத் தாயார் தகரப் பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்; அதற்குமேல் படிப்பில்லை. டின்னைத் திறந்தேன். சம்பளச் சீட்டுகள் ஆண்டுவாரியாய் நூலால் கட்டப்பட்டிருந்தன. திருமணச் சான்று ஒரு துணியில், கணவரின் மரணச் சான்று வேறொரு துணியில். நெஞ்சின் எக்ஸ்ரே படங்களை மடிக்காமல் பாய்க்கடியில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். படிக்கத் தெரியாததால், சிவப்புத் துணி சபைத் தாள், நீலத் துணி ஆஸ்பத்திரித் தாள் என்று அடையாளம் செய்திருந்தார்கள். அவர்களுடைய விண்ணப்பம் எழுத அரைநாள் போதுமாயிருந்தது. பத்துக் கன்னிகைகளின் உவமையைப் பிரசங்கிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டின் நினைவுக்கு வரும். பத்துப் பேரிடத்திலும் தீவட்டி இருந்ததே. வேறுபாடு கூடுதல் எண்ணெய்ப் பாத்திரத்தில் அல்லவா இருந்தது?

சங்கின் இடத்தை இப்போது ரயில் பிடித்திருக்கிறது. மாரிகுப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் இருள் பிரியுமுன் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு ரயிலேறி, இரவில் திரும்புகிறார்கள். இந்த வீடுகளில் மாலை வேலையே காலை வேலை. காய் நறுக்குவது, சீருடை எடுத்துவைப்பது, சீசன் டிக்கட்டைச் சட்டைப்பையில் போடுவது எல்லாம் படுக்கைக்குமுன் முடிகிறது. தூக்கக் கலக்கத்தில் எந்தத் தீர்மானமும் எடுக்கக்கூடாது என்பது அவர்கள் கண்டுகொண்ட ஞானம். 2020 மார்ச் மாதம் நாடெங்கும் பயணிகள் ரயில்கள் நின்றபோது, வேலை இருந்தும் போய்ச்சேர வழியின்றித் திகைத்தார்கள். சம்பளம் வந்தவுடன் அரிசியையும் வாடகையையும் முதலில் ஒதுக்கிவிட்டு, தபால் நிலையத்தில் சிறுதொகை கட்டிவந்த வீட்டார் சில மாதங்கள் கடன்காரர் முகம் பாராமல் தப்பினார்கள். நகைச்சீட்டை நம்பியிருந்தவர்கள் அவ்விதம் தப்பவில்லை.

ஆகையால் உங்கள் வீட்டில் இந்த வாரம் செய்யத்தக்க சிலவற்றைச் சொல்லுகிறேன். ஆதார், பான், வங்கிப் புத்தகம், பள்ளிச் சான்று, சபையின் திருமணச் சான்று ஆகியவற்றை ஒரே பாயில் பரப்பி, பெயரின் எழுத்துகளும் பிறந்த தேதியும் ஒன்றாயுள்ளனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அவசரம் இல்லாத இப்போதே திருத்துங்கள். வருங்கால வைப்பு நிதியில் திருமணத்திற்குமுன் தாய்தகப்பன் பெயரை நியமனதாரராகக் கொடுத்திருந்தீர்களா? திருமணமானபின் அந்த நியமனம் செல்லாது, புதியதாகப் பதியவேண்டும். வாலிபர் பலர் இதை அறியாதிருக்கிறார்கள். முக்கியமான தொலைபேசி எண்களை அடுக்களைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கைப்பேசியின் சார்ஜ் தீர்ந்த இரவிலும் சுவர் பேசும். அவசர உதவிக்கு 112, சமையல் எரிவாயு கசிந்தால் 1906. படுக்கைக்குமுன் ரெகுலேட்டரை மூடுகிற பொறுப்பை ஒருவரிடம் பெயர்சொல்லி ஒப்படையுங்கள். "யாராவது மூடியிருப்பார்கள்" என்ற வீட்டில் ஒருவரும் மூடியிருப்பதில்லை.

தாள்களைப் பரப்பும்போது பிள்ளைகளையும் அருகில் உட்காரவையுங்கள். எது எங்கே திரும்பிப் போகிறது என்பதை அவர்கள் கையாலேயே வைக்கச் செய்யுங்கள். மறுநாள் மின்சாரம் இல்லாத வேளையில், அதில் ஒன்றை எடுத்துவரும்படி உங்கள் வீட்டின் கடைக்குட்டியிடம் சொல்லிப் பாருங்கள்.