எடை யார் போடுவது?

என் அக்கா மகளுக்கு வயது 26. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தாள். 2025 ஜூலையில் அதை விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போனாள். இந்த ஒரு வாக்கியத்தை எங்கள் குடும்பத்தில் யாராலும் முழுதாகச் சொல்ல முடிந்ததில்லை. அக்கா உறவினர்களிடம் "வெளிநாடு போயிருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். அத்தான் கொஞ்சம் துணிந்து "விவசாயம் சம்பந்தமா" என்று சேர்த்துக்கொள்வார். கேட்பவர்கள் ஏதோ ஆராய்ச்சி என்று நினைத்துக்கொள்வார்கள்.

தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டில் எங்களுக்குப் புஞ்சை இருந்தது. பருத்தியும் கம்பும் போட்டோம். அப்பா அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுத்தான் எங்களைப் படிக்க வைத்தார். பிள்ளைகள் காட்டில் கால் வைக்கக் கூடாது என்பதற்காக விற்ற காடு அது. பேத்தி விமானம் ஏறிப் போய் இன்னொருவர் காட்டில் வாளி சுமக்கிறாள்.

அவள் போனது, ஆஸ்திரேலியா இளைஞர்களுக்குத் தரும் 'வேலையும் விடுமுறையும்' விசாவில். இந்த ஏற்பாடு 1975இல் பிரிட்டன், கனடா, அயர்லாந்து நாட்டு இளைஞர்களுக்காகத் தொடங்கியது. இன்று 40க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விரிந்திருக்கிறது. இந்தியர்களுக்குக் கதவு திறந்தது 2024இல்தான். அதுவும் ஆண்டுக்கு 1,000 பேருக்கு, 18 முதல் 30 வயது வரை, குலுக்கல் முறையில். அந்த அக்டோபரில் முதல் இரண்டு வாரங்களில் மட்டும் சுமார் 40,000 பேர் பெயர் கொடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி இவள். சீட்டு விழுந்தது.

விசா ஓராண்டுக்கு. இரண்டாம் ஆண்டும் இருக்க வேண்டுமானால், நகரங்களுக்கு வெளியே அரசு குறித்திருக்கும் பகுதிகளில், குறித்திருக்கும் வேலைகளில் மூன்று மாதம் உழைத்திருக்க வேண்டும். பயணிகள் மொழியில் இதற்குப் பெயர் '88 நாள்'. அறுவடைக்கு ஆள் கிடைக்காத விவசாயிகளுக்காக 2005இல் கொண்டுவரப்பட்ட ஏற்பாடு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 2024 ஜூலை முதல் இந்த நிபந்தனை இல்லை. மற்றவர்களுக்கு உண்டு. விடுமுறை என்ற சொல்லை விசாவின் பெயரில் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

அவள் போய்ச் சேர்ந்த ஊர் வூல்கூல்கா. சிட்னிக்கும் பிரிஸ்பேனுக்கும் நடுவே, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடக்குக் கடற்கரையில், காஃப்ஸ் ஹார்பர் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பசிபிக் கடல், வாழை சரிந்திறங்கும் குன்றுகள், வெள்ளை வலை போர்த்திய புளூபெர்ரித் தோட்டங்கள். கூடவே குருத்வாராவும். "சித்தி, பஸ்ஸை விட்டு இறங்கியதும் பஞ்சாபுக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தேன்" என்று எழுதினாள். தப்பில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பஞ்சாபிலிருந்து வந்த ஆண்கள் குவீன்ஸ்லாந்திலும் அதன் தெற்கேயும் கரும்பு வெட்டினார்கள். 1901இல் ஆஸ்திரேலியா வெள்ளையரல்லாதவரின் குடியேற்றத்தைத் தடுக்கும் சட்டம் போட்டது. ஏற்கெனவே இருந்தவர்களில் சிலர் 1940களில் இங்கே வந்து வாழைத் தோட்டங்களில் கூலிக்குச் சேர்ந்தார்கள், பிறகு தோட்டங்களையே வாங்கினார்கள். 1968இல் குருத்வாரா கட்டினார்கள். வாழைக்கு விலை போனதும் அவர்களின் பிள்ளைகள் புளூபெர்ரிக்கு மாறினார்கள்.

அவள் தன் செய்திகளை ஆங்கிலத்தில்தான் அனுப்புவாள். தமிழில் தட்டச்சு செய்ய நேரமில்லை, விரல்களும் வளைவதில்லை என்றாள். டெல்லியில் மொழிபெயர்த்துப் பிழைக்கும் எனக்கு இது ஒரு கூடுதல் வேலை. ராத்திரி எட்டு மணிக்கு ஊருக்குப் போன் போட்டு, அவள் எழுதியதை அம்மாவுக்குத் தமிழில் வாசிப்பேன். அம்மாவுக்கு 78 வயது. பேத்திக்கு ஆச்சி.

முதல் நாளே ஒரு சொல் தடுக்கியது. தன்னை அவள் 'பிக்கர்' என்று எழுதியிருந்தாள். தமிழ் முதுகலை படித்தவளுக்கு இது ஒரு பெரிய சொல்லா? பறிப்பவள் என்று போட்டுவிடலாம். ஆனால் எங்கள் பக்கம் பூவைத்தான் பறிப்பார்கள். பருத்தியை 'எடுப்பார்கள்'. வால்பாறையில் கொழுந்து கிள்ளுவார்கள். கம்புக்கும் சோளத்துக்கும் 'அறுப்பு'. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா கேட்டார்: "நாள் கூலியா, எடைக் கூலியா?"

"எடைக் கூலி."

"அப்ப பருத்தி எடுக்கிற மாதிரி." அதோடு மொழிபெயர்ப்பு முடிந்தது.

வேலை இப்படி. இடுப்பில் வாளியைக் கட்டிக்கொள்ள வேண்டும். புதர் ஆள் உயரம். ஒரே கொத்தில் பச்சைக் காயும், சிவந்த காயும், நீலப் பழமும் கலந்திருக்கும். முழுக்க நீலமானதை மட்டும் கட்டைவிரலால் உருட்டி உதிர்க்க வேண்டும். காம்படியில் கொஞ்சம் சிவப்பு இருந்தாலும் விட்டுவிட வேண்டும். திராட்சை மேல் இருப்பதுபோல இதன் மேலும் ஒரு வெண்பூச்சு உண்டு. அது அழியக் கூடாது. அழிந்தால் பழம் பழசாகத் தெரியும். பனி காயும்வரை பறிக்கவும் கூடாது. ஜூலை அங்கே குளிர்காலம். காலை ஆறரைக்கு வேன் கொண்டுபோய் விட்டுவிடும். எட்டரை வரை சும்மா நிற்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்குக் காசு கிடையாது.

முதல் வாரம் மழைக்குப் போக நான்கு நாள் வேலை. 11, 14, 17, 18 என்று மொத்தம் 60 கிலோ. கிலோவுக்கு 4 டாலர் வீதம் 240 டாலர். விடுதி வாடகை 230. வேனுக்கு ஒரு நாளைக்குப் பத்து என்று 40. ஒரு வாரம் குனிந்து நிமிர்ந்து, மேஸ்திரிக்கு அவள் 30 டாலர் கடன்பட்டிருந்தாள். அப்போது ஒரு டாலர் ஏறத்தாழ 56 ரூபாய்.

மேஸ்திரி என்பது என் சொல். அவள் 'கான்ட்ராக்டர்' என்று எழுதியிருந்தாள். தோட்ட உரிமையாளரை அவள் பார்த்ததே இல்லை. ஆள் சேர்ப்பது, வேன் விடுவது, விடுதியில் கட்டில் ஒதுக்குவது, கூலி தருவது எல்லாம் இவர்தான். இலங்கையிலும் மலேயாவிலும் நம் ஆட்கள் இவரைக் கங்காணி என்றார்கள். முதலில் அந்தச் சொல்லைத்தான் வைத்தேன். பிறகு, அவரும் ஆறேழு ஆண்டுகளுக்கு முன் வெளியூரிலிருந்து வந்து இதே வாளியைச் சுமந்தவர் என்று தெரிந்தது. சொல் இன்னும் பொருத்தமாகிவிட்டது. ஆனாலும் போனில் அந்தச் சொல் என் வாயில் வரவில்லை, அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அக்காவின் கவலை வேறு. விடுதி அறையில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில். அவள் எங்கோ படித்திருந்தாள்: 2000 ஜூன் 23 அன்று, குவீன்ஸ்லாந்தில் சில்டர்ஸ் என்ற ஊரில், பழம் பறிக்க வந்தவர்கள் தங்கியிருந்த விடுதிக்கு ஒருவன் தீ வைத்ததில் 15 இளைஞர்கள் இறந்தார்கள். புகை எச்சரிக்கைக் கருவிகள் வேலை செய்யவில்லை. அதைப் படித்த நாளிலிருந்து தினமும் மகளிடம் கதவு எந்தப் பக்கம், ஜன்னல் திறக்குமா என்று கேட்பாள். பெண் சலித்துக்கொள்வாள். ஆனால் மூன்றாம் நாள் தன் கட்டிலைக் கதவோரம் மாற்றிக்கொண்டாள்.

அம்மாவுக்குக் கதவைப் பற்றியோ குளிரைப் பற்றியோ கேள்வி இல்லை. இரண்டாம் வாரக் கணக்கை வாசித்ததும் கேட்டார்: "எடை போடுறது ஆரு?"

மேஸ்திரியின் ஆள் என்றேன்.

"அவ எங்க நிக்கா? வாளியக் குடுத்துட்டு வரிசைக்குத் திரும்பிருதாளா? திரும்பக் கூடாது. முள்ளு நிக்கிற வரைக்கும் நிக்கணும். அவன் எழுதுறதையும் பாக்கணும்."

இதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். மறுநாள் அவள் நின்றாள். தராசில் 4.7 என்று ஒளிர்ந்தது. நோட்டில் 4 என்று ஏறியது. அடுத்த வாளி 5.4, நோட்டில் 5. வாளியின் எடையை முன்பே கழித்துவிட்டுத்தான் தராசு காட்டுகிறது. அதற்கு மேலும் தசமத்தை எல்லாம் கீழே தள்ளிவிடுகிறார்கள். அன்று மட்டும் மூன்று கிலோவுக்கு மேல் காணாமல் போயிருந்தது.

"ஆச்சிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

எங்கள் களத்தில் எடை போட்டது ஆச்சிதான். சாயங்காலம் மடியில் கட்டிய பருத்தியோடு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். அம்மா தராசைப் பிடிப்பார். நான் நோட்டில் எழுதுவேன். பத்து வயதில் என் கையெழுத்து நன்றாக இருந்தது. முள் நிற்கும்வரை நின்ற பெண் ஒருத்தி இருந்தாள். அவளை அடுத்த நாள் வேலைக்குக் கூப்பிடவில்லை. இதையெல்லாம் நான் அவளுக்கு எழுதவில்லை. பேத்தி போனில் கேட்டபோது அம்மாவே சொன்னார். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

சட்டம் அவள் பக்கம்தான் இருந்தது. ஆஸ்திரேலியத் தொழிலாளர் சங்கம் தொடுத்த வழக்கில் அங்குள்ள நியாயப் பணி ஆணையம் 2021 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரல் 28 முதல் அமல். அதன்படி, எடைக்கூலிக்கு வருபவர் எவ்வளவு குறைவாகப் பறித்தாலும் மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலி தந்தாக வேண்டும். நிரந்தரமில்லாத வேலையாட்களுக்கு 2025இல் அது மணிக்கு 30 டாலருக்கு மேல். கிலோ விலையையும் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. தேர்ந்தவர் ஒருவர் அந்தக் கூலியைவிட 15 சதவீதமாவது அதிகம் சம்பாதிக்கும்படி வைக்க வேண்டும். தேர்ந்தவர் என்றால் யார்? அந்த வேலையில் 76 மணி நேரமாவது அனுபவம் உள்ளவர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தப் பத்தியை மொழிபெயர்த்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸ்களில் கட்டுக்கணக்கில் கூலி வாங்கிய பெண்களுக்கு இப்படி ஒரு பத்தியை யாரும் எழுதித் தந்ததில்லை.

நாளைக்கு ஏழு மணி நேரம் என்று வைத்தால் முதல் வாரத்துக்கு அவளுக்கு வர வேண்டியது 840 டாலர். வந்தது 240.

கேட்டாள். வாட்ஸ்அப்பில், மரியாதையாக, மணிக்கணக்குப் போட்டு. பதில் வரவில்லை. மறுநாள் வேன் பட்டியலில் பெயர் இல்லை. வலித்தது பணம் அல்ல என்கிறாள்; மூன்று வாரத்தில் அவள் 14 நாள் வேலை செய்திருந்தாள், அதற்கு ஊதியச் சீட்டு எதுவும் கிடையாது. சீட்டு இல்லாவிட்டால் 88இல் அந்த 14 சேராது. மேஸ்திரிகளின் பலமே இதுதான். ஊருக்குப் போய்விடுவேன் என்று பயப்படும் கூலிக்காரரை நாம் பார்த்திருக்கிறோம். ஊருக்குப் போக வேண்டியிருக்குமே என்று பயப்படுபவர் வேறு ரகம். அவரை எவ்வளவும் வளைக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் குருத்வாராவுக்குப் போனது பக்தியால் அல்ல. லங்கரில் சாப்பாடு இலவசம். ரொட்டி உருட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம், சினிமாவில் கற்ற இந்தியில் விஷயத்தைச் சொன்னாள். அவர் இரண்டு தோட்டங்களின் பெயரைச் சொல்லி, "இங்கே சீட்டு தருவார்கள்" என்றார். ஒன்றின் பெயரைச் சொல்லி, "அங்கே போகாதே, அது என் மைத்துனனுடையது" என்றார்.

ஆகஸ்டிலிருந்து புதிய இடம். பறிப்பதோடு வாரத்தில் இரண்டு நாள் கொட்டகையில் தரம் பிரிக்கும் வேலை. வாரா வாரம் ஊதியச் சீட்டு. இப்போது ஒரு நாளில் 40 கிலோவை எட்டுகிறாள். அக்டோபர் முடிவில் கணக்கில் சேர்ந்தது 52 நாள். பழைய பாக்கிக்குப் புகார் எழுதியிருக்கிறாள், பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

சென்னையில் கூட வேலை பார்த்தவர்கள் அவளுடைய படங்களைப் பார்த்து நல்ல அனுபவம் என்று வாழ்த்துகிறார்கள். இதே பெண் எங்கள் ஊர்க் காட்டில் ஒரு வாரம் பருத்தி எடுக்கப் போயிருந்தால் அதற்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று அவளே என்னைக் கேட்டாள். அம்மாவிடமும் கேட்டாள்.

"ஒன்னய ஆரு கூப்புடுவா? நீ முள்ளு நிக்கிற வரைக்கும் நிப்பியே" என்றார் அம்மா.