எல்லைக் கடைகளும் ஒரு தள்ளுபெட்டியும்

பாலக்காட்டிலிருந்து மூணாறு போகிற வசதியான வழி ஒன்று தமிழ்நாட்டுக்குள் ஓடுகிறது. கோவிந்தாபுரத்தில் கேரளத்தை விட்டு வெளியே வந்து, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை என்று சமவெளியில் போய், சின்னாறில் மறுபடியும் கேரளத்துக்குள் ஏற வேண்டும். ஒரே மாநிலத்தின் இரண்டு மாவட்டங்களுக்கு நடுவே இன்னொரு மாநிலம். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சமதரையில் வளர்ந்தவனுக்கு இதுவே வேடிக்கைதான். ஆனால் நான் அந்த வழியே போனது வீட்டில் வைத்து விளையாட ஒரு காயின் புஷர், அதாவது தள்ளுபெட்டி, தேடி.

மால்களில் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு தட்டுகள். கீழ்த்தட்டு அசையாது, மேல்தட்டு முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும். மேல்தட்டுக்குப் பின்னால் அசையாத ஒரு தடுப்பு. தட்டு பின்வாங்கும்போது அதன்மேல் கிடக்கும் நாணயங்களைத் தடுப்பு நிறுத்திவிடும்; முன்வரிசையில் இருப்பவை கீழே விழும். தட்டு முன்னேறும்போது விழுந்தவற்றை அதன் விளிம்பு தள்ளும். கீழ்த்தட்டின் நுனியில் ஒரு கூட்டம் இதோ விழப்போகிறேன் என்று தொங்கும். விழாது. பாதிக்கு மேல் வெளியே நீட்டிய நாணயத்தின் பின்பக்கத்தை மேலே கிடக்கும் நான்கைந்து நாணயங்கள் அமுக்கிப் பிடித்திருக்கும். தள்ளுகிற விசையும் நேராக முன்னால் வராமல் பக்கவாட்டில் சிதறும். இரண்டு பக்கமும் இடுக்குகள் உண்டு. அவற்றில் விழுவது கடைக்காரருக்கு. விளக்கு வெளிச்சமெல்லாம் முன்விளிம்பின்மேல்தான். இடுக்கின் பக்கம் ஒரு பல்புகூட எரியாது.

காசு போட்டால் வேலை செய்யும் பொறி மிகப் பழைய சங்கதி. முதல் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவின் ஹீரோன், ஐந்து திராக்மா நாணயம் விழுந்தால் நெம்புகோல் சாய்ந்து கோயில் தீர்த்தம் கொஞ்சம் ஊற்றுகிற ஒரு பெட்டியை விவரித்து எழுதிவைத்திருக்கிறார். தள்ளுபெட்டி அதற்கு வெகு பின்னால் வந்தது. 1960களின் நடுவில் இங்கிலாந்தின் கெண்ட் கடற்கரையில், ராம்ஸ்கேட்டைச் சேர்ந்த க்ராம்ப்டன்ஸ் நிறுவனம் ‘பென்னி ஃபால்ஸ்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. அந்த ஊருக்கு அது வசதியான பொறி. ஆங்கிலேயரின் வெண்கலப் பென்னி 1860 முதல் 1971இல் தசம நாணயம் வரும்வரை ஏறத்தாழ 31 மில்லிமீட்டர் அகலத்திலேயே இருந்தது. பாட்டன் போட்ட பென்னியும் பேரன் போட்ட பென்னியும் தட்டில் ஒன்றையொன்று ஒழுங்காகத் தள்ளின.

பாலக்காட்டு மால் ஒன்றின் விளையாட்டுக் கூடத்தில் ஒன்று இருந்தது. மூன்று பேர் சுற்றி நின்று ஆடும் அளவுக்குப் பெரியது. எங்கள் வீட்டு வாசலில் நுழையாது. சட்டைப்பையில் கைவிட்டேன். “காயின் இல்லா சேட்டா, கார்டு மாத்ரம்” என்றான் அங்கே நின்ற பையன். அட்டையைத் தேய்த்தால் பெட்டியே தன் வில்லைகளை உமிழும்; ஜெயித்தால் சீட்டு வரும்; சீட்டுகள் சேர்ந்தால் பொம்மை. காசின் கனத்தைக் கையிலிருந்து எடுத்துவிட்டால் இந்த விளையாட்டில் என்ன மிச்சமிருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. செய்துவிடுவது என்று அங்கேதான் முடிவெடுத்தேன்.

செய்வதில் முதல் சிக்கல் மரமோ மோட்டாரோ அல்ல, நம் நாணயம். 1992இல் வந்த எவர்சில்வர் ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர். 2011 வரிசையில் அது 22 ஆயிற்று, 2019இல் 20. இரண்டு ரூபாயும் அப்படித்தான், 27, 25, 23 என்று இறங்கியது. ஆகவே பழைய ஒரு ரூபாயும் 2011இன் இரண்டு ரூபாயும் ஒரே அகலம், எடையும் ஒரே 4.85 கிராம். இந்தக் கலவையைத் தட்டில் கொட்டினால் சின்னது பெரியதன் அடியில் புகுந்து எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

தப்பியது பத்து ரூபாய். சித்திரம் எத்தனை முறை மாறினாலும் அகலம் 27 மில்லிமீட்டர், எடை ஏறத்தாழ 7.7 கிராம். அந்தக் கனம் தள்ளுவதற்கும் நல்லது. தமிழ்நாட்டில் அந்த நாணயம் பட்ட பாடு தெரிந்ததே. பதினான்கு வடிவமும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிவித்த பிறகும் பெட்டிக்கடைகளில் திருப்பித் தந்தார்கள். அப்படித் திரும்பி வந்தவை எங்கள் வீட்டு டப்பாவில் நிறையக் கிடந்தன. நாற்பதுக்கு இருபத்தைந்து சென்டிமீட்டர் தட்டை ஒரு அடுக்கு நிரப்ப ஏறக்குறைய நூற்றைம்பது நாணயம் வேண்டும். இரண்டு அடுக்கு என்றால் மூவாயிரம் ரூபாய், இரண்டே கால் கிலோவுக்கு மேல். செல்லாக் காசு என்று பேர் வாங்கியவற்றுக்கு இதைவிட நல்ல உத்தியோகம் எனக்குத் தோன்றவில்லை.

பாலக்காட்டுக்கு வரும் வழியில் வாளையாறில் பேருந்து நின்றபோது பார்த்த காட்சிக்கு நான் தயாராக இல்லை. சோதனைச் சாவடியைத் தாண்டியதும் லாட்டரிக் கடை, அதையடுத்து லாட்டரிக் கடை, அதற்கடுத்தும். பலகைகளில் தமிழ் எழுத்து. வாங்க நின்றவர்கள் கோவை, திருப்பூர் வண்டிகளில் வந்தவர்கள். கேரள அரசு 1967இல் லாட்டரியைத் தொடங்கி, 1968 ஜனவரி 26இல் முதல் குலுக்கல் நடத்தியது. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு ஐம்பதாயிரம். தமிழ்நாடு 2003இல் லாட்டரிக்குத் தடை போட்டது. அன்றிலிருந்து எல்லைக்கோடே கடைத்தெரு ஆகிவிட்டது. வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் எல்லாம் பாலக்காட்டுப் பக்கம். இடுக்கியில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. 2023 ஓணம் பம்பரில் 25 கோடி விழுந்த சீட்டு வாளையாறில் விற்றது. பரிசு பெற்றவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். அதைப் பற்றி ஒரு கடைக்காரர் நேற்று நடந்ததுபோலச் சொன்னார். அந்த ஒரு சீட்டு இந்தச் சாலையில் இன்னும் எத்தனையோ வண்டிகளை இழுத்துக்கொண்டிருக்கிறது. தொங்குகிற நாணயம் செய்வதும் அதேதான். ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும்: லாட்டரிச் சீட்டின் பின்பக்கம் எத்தனை பரிசு, எவ்வளவு என்று அச்சிட்டிருக்கிறது. படிப்பவரை நான் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

பாலக்காட்டிலிருந்து கிளம்பி, பொள்ளாச்சியில் ஒரு லேத் பட்டறையில் நான் வரைந்திருந்த பெட்டிப் படத்தை விரித்தேன். பட்டறைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். “ஏனுங்ணா, மோட்டாருக்குக் காருல இருக்குற வைப்பர் மோட்டார் போதுமுங்க. பன்னெண்டு வோல்ட்டு. புள்ளைங்க தொட்டாலும் பயமில்ல.” வைப்பர் மோட்டார் மெதுவான சுற்றிலும் நிமிஷத்துக்கு நாற்பது நாற்பத்தைந்து சுற்றும், நமக்குப் பதினைந்து போதும். பழைய சைக்கிளின் சின்னப் பல்சக்கரத்தை மோட்டாரிலும் பெரியதை அச்சிலும் மாட்டி, செயின் போட்டுக் குறைத்துவிடலாம் என்றார். பிறகு படத்தின் ஓரத்தில் விரலை வைத்தார்.

“வூட்டுக்குத்தானுங்களே? அப்புறம் ஓரத்துல எதுக்குங்க சந்து?”

இடுக்கு இல்லாவிட்டால் போட்டதெல்லாம் என்றைக்காவது முன்பக்கமே திரும்பி வந்துவிடும் அண்ணே, அப்புறம் அதில் ஆட என்ன இருக்கிறது என்றேன். “அப்ப வூட்டுல ஆரு மொதலாளி?” என்றார். பதில் யோசித்துச் சொல்வதாகக் கிளம்பினேன்.

பொள்ளாச்சியிலிருந்து உடுமலை வரை காற்றாலைகள். மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப்போன இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். அதன் வழியே புகுந்து வருகிற காற்று இந்த இறக்கைகளையெல்லாம் சுற்றுகிறது. ஒன்பதாறு சோதனைச் சாவடியில் ஏறினால் வேறு உலகம். சின்னாறு மழைமறைவுப் பகுதி. கேரளம் என்று நம்ப முடியாத முள்ளுக்காடு, கள்ளி, வெந்த பாறை. கொஞ்ச தூரத்தில் மறையூர். கரும்புத் தோட்டம், கொதிக்கிற பாகின் வாசனை, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற உருண்டை வெல்லம். அதற்கும் மேலே தேயிலை. சில மணி நேரத்தில் மூன்று தட்பவெப்பம். ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போட்டது வீண்போகவில்லை.

மூணாறில் நல்லதண்ணி எஸ்டேட் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போனது மழைக்கு ஒதுங்க. வாசலில் ஒரு கல் சூரியக் கடிகாரம். 1913இல் நம் நாசரேத்தின் தொழிற்பள்ளியில் செய்தது. 1924 பெருவெள்ளத்தில் அழிந்துபோன குண்டளை ரயிலின் சக்கரம் ஒன்று. கன்னிமலை எஸ்டேட்டில் 1920களில் மின்சாரம் எடுத்த பெல்டன் சக்கரம், விளிம்பு நெடுகக் கிண்ணங்களோடு. பழைய தேயிலை உருட்டும் இயந்திரத்தின் முன்னால் நான் நின்றுவிட்டேன். உருட்டும் மேசைகளின் சூத்திரம் எளிது: வரிவரியாகப் பட்டை வைத்த வட்டமேசை, அதன்மேல் அடியில்லாத உருளை நிறைய இலை. உருளையைக் கிராங்குகள் பிடித்து மேசைமேல் வட்டமாக நகர்த்தும். இலை நசுங்கும். உருளை எவ்வளவு தூரம் நகரும் என்பதைத் தீர்மானிப்பது வேகம் அல்ல. கிராங்கின் அச்சு மையத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதுதான்.

என் பெட்டிக்கு வேண்டியதும் அந்தத் தூரம்தான். மேல்தட்டு ஆறு சென்டிமீட்டர் நகர வேண்டுமென்றால் கிராங்க் மூன்று சென்டிமீட்டர் தள்ளி நின்றால் போதும். எட்டு, பத்து என்று நகர்த்தினால் மேலிருந்து அதிக நாணயம் விழும், ஆனால் ஒவ்வொரு தள்ளலிலும் குவியல் கலைந்து பக்கத்து இடுக்கில் கொட்டும். குறைத்தால் எதுவுமே நடக்காது. மூன்று வெவ்வேறு இடத்தில் துளை போட்ட ஒரே தகடு வைத்தால் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இதைக் காவலர் ஒருவரிடம் சொன்னேன். மூணாறுத் தமிழர். “எஸ்டேட்ல எங்கப்பா இதே மாதிரி மிஷின்லதான் சார் நின்னாரு” என்றார். என் பெட்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஊர் திரும்ப போடிமெட்டு வழி. அங்கும் லாட்டரிக் கடைகள், தேநீர், கீழே தேனிச் சமவெளி. தேநீரை வைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போன் போட்டேன். கிராங்குத் தகட்டில் மூன்று துளை. இடுக்கு இருக்கட்டும், அதில் விழுவது ஒரு டப்பாவில் சேரட்டும். டப்பா நிறைந்ததும் எல்லோருக்கும் பரோட்டா. ஆனால் இடுக்கின் பக்கம் பலகை வேண்டாம், அக்ரிலிக் போடுங்கள், ஒரு விளக்கும் அங்கேயே வையுங்கள் என்றேன்.

“சந்துல வுழறதக் கண்ணால பாத்தா அப்புறம் ஆருங்க காசு போடுவாங்க?”

பார்ப்போம் அண்ணே, போட்டுப் பாருங்கள் என்றேன். அக்ரிலிக்குக்குத் தனியாக ஐநூறு ஆகும் என்றார். பத்து ரூபாய் நாணயமாகக் கொண்டுவந்தால் வாங்க மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.