கேமரா யார் கையில்?

போன வருஷம் எங்கள் ரெட்டியார்பாளையத்துப் பிள்ளைகள் ஏழு பேரை டவுனில் ஒரு புகைப்படக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனேன். வாசலிலேயே காவலாளி, "யாரைப் பார்க்கணும்?" என்றார். "படம் பார்க்கணும்" என்றேன். உள்ளே சுவர் முழுக்கத் துப்புரவுத் தொழிலாளர்கள். பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மாவும் அதே வேலைதான். அவள் கேட்டாள்: "அக்கா, படத்துல இருக்கிறவங்க இதைப் பார்த்தாங்களா?"

எம்.ஏ. சமூகவியலில் 'பிரதிநிதித்துவம்' என்று பக்கம் பக்கமாகப் படித்தேன். அவளுக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

அப்போது பழனி குமார்தான் நினைவுக்கு வந்தார். மதுரை ஜவஹர்லால்புரத்துக்காரர், மீன் விற்கும் அம்மாவின் மகன். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். கையால் மலம் அள்ளும் வேலையை 2013 சட்டம் தடைசெய்த பிறகும் மலக்குழியில் மனிதர்கள் சாவதைத் தொடர்ந்து படமெடுத்தவர். 2022-இல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலில் பெற்றவரும் அவரே. ஆனால் எனக்கு முக்கியம் வேறு: துப்புரவுத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு அவர் புகைப்படக்கலை கற்றுத்தருகிறார். அவர்கள் எடுத்த படங்கள் கண்காட்சிக்கும் வந்தன.

தோழர்களே, நம் வலியைச் சுவரில் மாட்டக் கலையுலகம் எப்போதும் தயார். எடுப்பவர்களாகவும் பார்ப்பவர்களாகவும் நாம் உள்ளே போவதுதான் பாக்கி.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் செல்போன் அந்தப் பிள்ளைகளிடம் இருக்கும். அவள் முதலில் தன் அம்மாவை எடுக்கப் போனாள். அம்மா சொன்னார்: "இரு, தலை சீவிக்கிட்டு வரேன்."