எச்டி-3ல் இரண்டு நாள் மௌனம்

அமெரிக்காவில் ஒரு பொது வானொலி நிலையத்தில் ஒலிபரப்புப் பொறியாளராக இருந்தபோது எங்கள் எச்டி-3 துணைச் சேனல் இரண்டு நாள் ஊமையாகக் கிடந்தது. நிகழ்ச்சி ஓட்டும் கணினி உறைந்துபோயிருந்தது. நேயர் ஒருவரும் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை காலை காரில் வரும்போது தற்செயலாகத் திருப்பி, நான்தான் கண்டுபிடித்தேன். முதன்மைச் சேனல் சில விநாடி நின்றாலே என் ஃபோன் அலறும். அதற்கு மௌன உணர்வி மாட்டியிருந்தோம். எச்டி-3க்கு மாட்டவில்லை. அன்று மாலையே மாட்டினேன். நாங்களே கேட்காத ஒன்றை ஊர் ஏன் கேட்க வேண்டும் என்ற உறுத்தல் மட்டும் போகவில்லை.

எஃப்எம் அலையின் இருபுறமும் டிஜிட்டல் சிக்னலை ஏற்றி அனுப்பும் இந்த எச்டி ரேடியோ முறைக்கு, அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2002ல் அனுமதி தந்தது. ஒரே அலையில் பல நிகழ்ச்சி நடத்துவதை 2007ல் முறைப்படுத்தியது. அடிப்படை முறையில் கையில் இருப்பது விநாடிக்கு ஏறத்தாழ 96 கிலோபிட். நீட்டித்த முறையில் 120ஐத் தொடலாம். எல்லாச் சேனலும் இதற்குள்தான் பிழைக்க வேண்டும்.

இதைப் பங்கிடுவதுதான் எங்கள் வேலையின் உயிர். பேச்சு 24 கிலோபிட்டிலும் தெளிவாக வரும். இசை அப்படியல்ல, கச்சேரி முடிவில் எழும் கைதட்டல், உலை கொதிக்கிற சத்தமாகிவிடும். எங்கள் எச்டி-2 செவ்வியல் இசை, எச்டி-3 பேச்சு. இரண்டுக்கும் ஆளுக்கு 24 என்று முன்பே வைத்திருந்தார்கள். நீட்டித்த முறைக்கு மாறி, கூடுதலாகக் கிடைத்த அத்தனையையும் இசைக்கே கொடுத்து 48 ஆக்கினேன்.

அப்படியும் செல்லோவில் வில் உரசும் இடம் மணல் அரைப்பதுபோல் கேட்டது. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நூலகத்தில் எல்லாம் எம்பி3 கோப்புகள். ஏற்கெனவே சுருக்கியதை, ஒலிபரப்புக்காகச் சுருக்கும் கோடெக் இன்னொரு முறை சுருக்கினால் நுணுக்கம் எங்கே மிஞ்சும்? தட்டுகளை அலமாரியிலிருந்து இறக்கி, சுருக்காத கோப்புகளாக மறுபடி ஏற்றினோம். பல மாதம் பிடித்தது. எஃப்எம்முக்காக ஒலியை நறுக்கி உரக்க ஒலிக்கவைக்கும் கருவியையும் இந்தச் சேனல்களிலிருந்து கழற்றினேன். நறுக்கியதால் வரும் பிசிறையும் கோடெக் இசை என்றே எண்ணி, அதற்கும் பிட் செலவழிக்கிறது.

முதன்மைச் சேனலான எச்டி-1 தடுமாறினால் அனலாக் தாங்கிக்கொள்ளும். துணைச் சேனலுக்கு அந்தத் துணை இல்லை. பாலத்தடியில் போனால் சட்டென்று அறுந்துவிடும். டிஜிட்டல் சக்தியை அனலாக் சக்தியில் 1 சதவீதத்திலிருந்து 10 வரை உயர்த்திக்கொள்ள 2010ல் வழி பிறந்தது. முடிந்த நிலையங்கள் அதைச் செய்தே ஆக வேண்டும் என்பேன்.

எச்டி-3ல் பிறகு பார்வையற்றோருக்கான வாசிப்புச் சேவையை ஏற்றினோம். இவ்வகைச் சேவை மினசோட்டாவில் 1969ல் தொடங்கியபோது, எஃப்எம்மின் துணை ஊர்தியில், தனி ரிசீவர் வைத்துத்தான் அதைக் கேட்க முடிந்தது. இப்போது கடையில் வாங்கும் எச்டி ரேடியோ போதும். தன்னார்வலர்கள் உள்ளூர் நாளிதழின் மரண அறிவிப்புகளையும் மளிகைக் கடை விலைகளையும் வரி விடாமல் வாசிப்பார்கள். தாள் புரட்ட நேரம் வேண்டுமே என்று உணர்வியை ஒரு நிமிடத்துக்கு வைத்திருந்தேன்.

ஒருநாள் மரண அறிவிப்பின் நடுவே இணைப்பு அறுந்தது. உணர்வி ஒலிக்கும் முன்பே ஃபோன் வந்தது. ஒரு மூதாட்டி. இறந்தவர் பெயரைக் கேட்டுவிட்டாராம், அடக்கம் எத்தனை மணிக்கு என்று தெரிய வேண்டுமாம். நாளிதழை எடுத்து நானே வாசித்துச் சொன்னேன்.