பெயர் சொல்லாப் பிராணி

ருஷ்ய மொழியில் கரடிக்கு ‘மெத்வேத்’ என்று பெயர். ‘மெத்’ என்றால் தேன். பின்பாதி, உண்ணுதல் என்னும் வேரிலிருந்து வந்தது. ஆக, தேன்தின்னி! செக், செர்பியம், போலிஷ் முதலிய ஸ்லாவிய மொழிகளிலும் சற்றே திரிந்து வழங்குவது இதே சொல்தான். நாமறிந்த ‘மது’ என்னும் வடசொல்லும் அந்த ‘மெத்’தும் உடன்பிறப்புகள்.

ஆனால் கரடியின் பழம்பெயர் இதுவன்று. வடமொழியில் ‘ருக்ஷ’, கிரேக்கத்தில் ‘ஆர்க்டோஸ்’, இலத்தீனில் ‘உர்சுஸ்’ என மூன்றும் ஒரே மூலத்துப் பிள்ளைகள். (நம் புனித ஊர்சுலாவின் பெயருக்குக் ‘குட்டிப் பெண்கரடி’ என்று பொருள்!) ஸ்லாவியர் அப்பெயரை ஏன் தொலைத்தனர்? பெயரைச் சொன்னால் கரடி வந்துவிடுமென்று அஞ்சிப் பட்டப்பெயரால் அழைத்தார்களாம். நாளடைவில் உண்மைப் பெயரே மறைந்துபோயிற்று என்பது மொழியறிஞர் கருத்து.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பே தோன்றவில்லை. தாம்பரத்தை அடுத்த சேலையூரில் எங்கள் வீடு. கிண்டிப் பாம்புப் பண்ணை 1972-இல் அங்கே போகுமுன் தொடங்கப்பெற்ற ஊர் இது! ஐப்பசி மழையில் ஏரி நிரம்பினால் தோட்டத்துக்குள் விருந்தாளிகள் வருவார்கள். விளக்கு வைத்தபின் “பாம்பு” என்று யாராவது சொன்னால் பாட்டி சிலுவை போட்டுக்கொண்டு, “பூச்சின்னு சொல்லுடி” என்பார். கொடிய நஞ்சுள்ள ஒன்றை ‘நல்ல’ பாம்பு என்கிறோமே, அதுவும் இந்த அச்சந்தான்.

சென்ற மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தரையில் படுத்திருந்த ஓர் அக்காளை நள்ளிரவில் ஏதோ கடித்தது. ஆஸ்பத்திரியில் அவள் தாயார், “பூச்சி கடிச்சிட்டுது” என்றார். தேளா, பூரானா என்று கேட்டார்கள். “பூச்சிங்க” என்பதே மறுமொழி. கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது; கடிவாய்கூடத் தெரியாது. விடியுமுன் அக்காளின் இமைகள் தாமே மூடத் தொடங்கின. அதைக் கவனித்த மருத்துவர், “பாம்பா?” என்று நேராகவே கேட்டார். தாயார் தலையை மட்டும் அசைத்தார். உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். அக்காள் பிழைத்துக்கொண்டாள்.

பாட்டியிடம் இதைச் சொல்லி, “ஆஸ்பத்திரியிலாவது பேரைச் சொல்லுவீங்களா பாட்டி?” என்று கேட்டேன். வெற்றிலையை மென்றபடி வெகுநேரம் யோசித்தார்.

“பகலாயிருந்தா சொல்றேன்” என்றார்.